பீச்சாங்கை ஓட்டம்

பதினோரு நிமிடம் நாற்பது விநாடி என்று அண்ணனிடம் சொன்னேன். எண் பொய்யில்லை. எந்தக் கையால் என்று சொன்னதுதான் பொய்.

அண்ணன் அஸ்ஃபாக்குக்கு இருபத்தொன்பது வயது. தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். அதே கம்பெனியின் மாடி ஆபீஸில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை. காலையில் ஒரே வண்டியில் போவோம். கேட்டைத் தாண்டியதும் நான் அவனுக்கு "ஷாஹிதா மேடம்" ஆகிவிடுவேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படிக் கூப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுடையது. சாப்பாடு முடிந்து அம்மா கண்ணயர்ந்ததும் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு பிளேஸ்டேஷனை எடுத்து வைப்போம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கார் பந்தய விளையாட்டு. ரேஸ் என்று வந்தால் அண்ணனை ஜெயிக்கவே முடியாது. முதல் வளைவிலேயே என்னைத் தாண்டிப் போய்விடுவான். அப்புறம் அவன் எப்போது முடிப்பான் என்று உட்கார்ந்திருப்பதுதான் என் ஆட்டம்.

தோற்றுத் தோற்று அலுத்துப்போய்த்தான் நான் வேறு பந்தயங்களை உண்டாக்க ஆரம்பித்தேன். அந்த விளையாட்டில் ஒரு பெரிய தீவு உண்டு. ரேஸ் எதிலும் சேராமல் அதில் இஷ்டம்போல் சுற்றலாம். துறைமுகம், நீளமான பாலம், கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலை, ஊருக்குள் சிக்னல், ட்ராஃபிக் எல்லாம் இருக்கும். நான் முதலில் உண்டாக்கியது பஸ் ஓட்டம். இருப்பதிலேயே வேகமான சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்தி, மூன்று எண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அண்ணனால் மூன்று எண்ண முடியவில்லை. இரண்டிலேயே கிளப்பிவிடுவான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனை ஜெயித்தேன்.

அடுத்தது அண்டா ஓட்டம். பின்சீட்டில் கல்யாண பிரியாணி அண்டா இருப்பதாக நினைத்துக்கொண்டு மலை இறங்க வேண்டும். வண்டி ஒரு துள்ளு துள்ளினாலும் பிரியாணி ரோட்டில். பிறகு லாரி ஓட்டம். ஏதாவது ஒரு லாரியைப் பிடித்து, அது எங்கே போனாலும் பின்னாலேயே போக வேண்டும். ஒரு நாள் நாங்கள் பிடித்த லாரி எங்குமே நிற்காமல் தீவை நான்கு முறை சுற்றியது. "லோடு எறக்க எடம் கெடைக்காம சுத்தறான் புள்ள, பாவம்" என்று அண்ணன் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். அம்மா எழுந்து வந்து திட்டினாள்.

இந்தப் பந்தயங்களைப் பற்றி விளையாட்டுக்கு ஒன்றும் தெரியாது. புள்ளி போடாது, கோப்பை தராது. ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நாங்களே நேரம் பார்ப்போம். வண்டி எதிலாவது உரசினால் கன்ட்ரோலர் கைக்குள் லேசாக அதிரும். அந்த அதிர்வு ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்; பார்க்கிறவர் திரையை உற்றுக் கவனித்தால்தான் உண்டு. ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் ஓட்டிவிட்டு நேரத்தைச் சொன்னால் அதுதான் நேரம். "சத்தியமா?" என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அண்ணனுக்குக் கை போனது.

அன்றைக்கு ஓடியது குழந்தைகள் பைஜாமா ஆர்டர். என் பொறுப்பில் இருந்த ஸ்டைல். இன்ஸ்பெக்ஷன் தேதியைப் பையர் நான்கு நாள் முன்னுக்கு இழுத்துவிட்டார். நான் கட்டிங்குக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, நேவி ப்ளூ இன்னைக்குப் பொழுதோட முடிஞ்சாகோணும்."

"துணி விரிச்சு மூணு மணி நேரந்தான் ஆச்சு. இன்னும் அடங்கோணும். இல்லாட்டி அளவு சுருங்கும்."

"சுருங்குனா நான் பேசிக்கறேன். ப்ளீஸ்ண்ணா."

"செரி, மேடமே சொல்லியாச்சு" என்றான்.

பின்னல் துணியை விரித்த உடனே வெட்டக் கூடாது. இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்புவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அடங்காத அடுக்கு கத்தி முன்னால் வழுக்கும். பேண்ட் நைஃப் என்கிற மிஷினில் ரிப்பன் போன்ற மெல்லிய கத்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும்; துணி அடுக்கை இரண்டு கையாலும் அதை நோக்கித் தள்ள வேண்டும். இடது கையில் இரும்பு வலை கையுறை போட்டிருந்தான். வலது கைக்கு அது கிடையாது. பழகிப்போனதால் மிஷின்கள் ஓடும் சத்தம் எங்கள் காதுக்குக் கேட்பதில்லை, நின்றால்தான் தெரியும். நான்கு மணி சுமாருக்குக் கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொரு வரிசையாக நின்றன. நான் பையருக்கு "இன்று மாலைக்குள் கட்டிங் முடிந்துவிடும்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாகப் போயின. கட்டைவிரல் பாதி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டவைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் வெளியே போகவில்லை. கையை ஒரு துண்டால் மூடியே வைத்திருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லாத்தான் தேறி வந்திருக்காப்ல" என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். சாப்பாடுதான் பெரிய கஷ்டம். சோத்துக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று வளர்ந்தவன். மிஞ்சியிருந்த இரண்டு விரலுக்கு நடுவில் ஸ்பூனைச் சொருகிக்கொண்டு, பாதியைக் கீழே சிந்தி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டான். அம்மா பிசைந்து ஊட்டப்போனால் தட்டைத் தள்ளிவிடுவான். அம்மா அடுப்படியில் போய் நின்று அழுவாள்.

ஃபோன் செய்து அவசரப்படுத்தியது நான்தான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் ஸ்பூனோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் குரல் எனக்கே கேட்கும். ப்ளீஸ்ண்ணா.

அக்டோபரில் ஒரு நாள் அந்த விளையாட்டின் செட்டிங்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்தப் பட்டனையும் எந்தப் பக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். வேகத்தையும் பிரேக்கையும் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். இடது கட்டைவிரலால் வண்டியைத் திருப்பலாம், ஆள்காட்டி விரலால் வேகம், நடுவிரலால் பிரேக். வலது கையே வேண்டாம். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பாதையை முடிவு செய்தேன். துறைமுகத்தில் கிளம்பி, தீவை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பத் துறைமுகம். எதிலும் உரசக் கூடாது. பாதை சரியாக வருகிறதா என்று பழைய பட்டன்களிலேயே இரண்டு கையாலும் ஓட்டிப் பார்த்தேன். பதினோரு நிமிடம் நாற்பது விநாடி வந்தது. ஒரு உரசல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் பாயைப் போட்டேன்.

"புது ஓட்டம்ண்ணா. பீச்சாங்கை ஓட்டம். ரெண்டு பேருக்கும் ஒரே ரூல். ஒத்தக் கை, அதும் எடது கை."

வேண்டாம் என்றான். கெஞ்சினேன். கடைசியில் கன்ட்ரோலரைத் தொடைமேல் வைத்து இடது கையால் பிடித்தான். வண்டி கிளம்பி, நேராகப் போய், துறைமுகத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது. பழைய பழக்கத்தில் நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. இன்னொரு முறை முயன்றான். மறுபடியும் கடல். கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"ஆவாது புள்ள. பீச்சாங்கைக்கு மூளையே கெடையாது."

அவன் எழுந்திருக்கப்போனான். இனிமேல் இந்தப் பாய்க்கு வரவே மாட்டான் என்று தோன்றியது. என்னிடம் தோற்பதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

"எனக்கு ஆச்சே" என்றேன். "நீ ஆஸ்பத்திரி போயிருந்தப்ப ஓட்டிப் பாத்தேன். பதினொண்ணு நாப்பது. ஒரு உரசல் இல்ல."

"பீச்சாங்கைலயா?"

"ஆமா."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். சத்தியமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அவன் உட்கார்ந்தான். கன்ட்ரோலரை மறுபடியும் எடுத்தான்.

முதல் ஒரு மாதம் நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் உட்கார்ந்துவிடுவான். இருபத்தைந்து நிமிடம், இருபது, பதினேழு என்று நேரம் குறைந்துகொண்டே வந்தது. மத்தியானம் கம்பெனிக்கு எனக்கு மெசேஜ் வரும்: "16.20. நாலு உரசல்." நான் பதிலுக்கு ஒரு எமோஜிப் பொம்மையை அனுப்புவேன். இடது கையால் சட்டைப் பட்டன் போடப் பழகினான். ஒரு நாள் இடது கையாலேயே முகச்சவரம் செய்துகொண்டு, தாடையில் இரண்டு கீறலோடு வந்து நின்றான். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் கண்ணு அவனை எழுப்பி உக்கார வெச்சே. உனக்கு அல்லா நல்லது பண்ணுவான்" என்று கன்னத்தை வழித்தாள்.

பதின்மூன்று நிமிடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அப்போதுதான் கேள்விகள் ஆரம்பித்தன.

"அந்தக் கடைசி வளைவு இருக்குதுல்ல, துறைமுகத்துக்குள்ள திரும்பறது. அங்க நீ என்ன பண்ணுனே? நான் எப்பவும் அந்த மஞ்சக் கன்டெய்னர்ல தேச்சுடறேன்."

இரண்டு கையால் ஓட்டியபோது நான் அங்கே பிரேக்கை அழுத்திக்கொண்டே திரும்பியிருந்தேன். ஒரே கைக்கு அது ஒத்துவருமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"கன்டெய்னருக்கு முன்னாடியே வேகத்தை உட்டுரோணும். பிரேக்கைத் தொடவே கூடாது. வண்டி தானாத் திரும்பிக்கும்."

"அப்புடியா?"

"ஆமாண்ணா. எனக்கு அப்புடித்தான் வந்துச்சு."

இரண்டு வாரம் நான் சொன்னபடியே ஓட்டினான். பன்னிரண்டரை நிமிடம் பாலத்தையும் மலையையும் ட்ராஃபிக்கையும் ஒரு உரசலும் இல்லாமல் தாண்டி வருவான். கடைசி வளைவில் வேகத்தை விடுவான். வண்டி தானாகத் திரும்பாது. போய் மஞ்சள் கன்டெய்னரில் மோதும். மறுபடியும் முதலிலிருந்து. கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓட்டினான். என்னால் அந்தப் பிளாஸ்திரியைப் பார்க்க முடியவில்லை.

"பிரேக் புடிச்சுத்தான் பாரேண்ணா" என்றேன் ஒரு நாள், தாங்க முடியாமல்.

"இல்ல புள்ள, நீ சொன்னதுதான் செரியா இருக்கும். முடிச்சவ நீதானே. என்ற கைதான் பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கம்பெனி முதலாளி திருமூர்த்தி வீட்டுக்கு வந்தார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். விபத்துக்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தவர்தான். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, பேட்டர்ன் ரூம்ல தரணிக்கு ஒரு ஆள் வேணுமுங்க. கம்ப்யூட்டர்ல மார்க்கர் போடற சோலி. துணி வீணாகாம எந்தப் பாகத்தை எங்க வெக்கறதுன்னு உங்களுக்குச் சொல்லித் தரோணுமா என்ன? மவுஸை எடது கைக்கு மாத்திக்கலாமுங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து வந்துருங்க."

"ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்றான் அண்ணன். துண்டுக்குள்ளிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

"பண்ணுங்க, பண்ணுங்க. ஆனா எனக்கு வேற ஆள் பாக்கற எண்ணம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அண்ணன் சொன்னான், "நான் போகப்போறதில்ல."

"ஏண்ணா? உனக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்குதே."

அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினான். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு கை போனா இன்னொரு கை பழகிக்கும், மூளை மாத்தி எழுதிக்கும்னாரு. செரி, உனக்கு ரெண்டு கையும் நல்லாருக்குது. பீச்சாங்கையை நீ ஒரு நாளும் ஒண்ணுக்கும் பழக்குனதில்ல. நீ ஒரே தடவைல முடிச்சுட்டே. எனக்கு வேற கையே கெடையாது, ரெண்டு மாசமா காலைல இருந்து பொழுது வரைக்கும் இதே சோலியா இருக்கறேன். ஒரு சுத்து ஒழுங்கா வரல. அப்ப எல்லாருக்கும் பழகாது போலிருக்குது. அங்க போயி அத்தனை பேர் முன்னாடி மவுஸைப் புடிச்சுட்டுத் தடவிட்டு உக்காரச் சொல்றியா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தாள் என்பது ஒரு சாக்கு. சொன்னால் இருக்கிறதும் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு சாக்கு. பொய்யை மெய்யாக்கிவிட்டால் சொல்லவே தேவையிருக்காது என்று புத்தி போனது.

புதன்கிழமை அண்ணனும் அம்மாவும் கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போவார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். முதல் தடவை கடல். இரண்டாம் தடவையும் கடல். மூன்றாவது தடவை பாலத்தின் நடுவில் எதிரே வந்த வேனில் மோதி நின்றேன். கட்டைவிரல் திருப்புகிறபோது ஆள்காட்டி விரல் தானாக இறுகி வேகம் கூடிவிட்டது. ஒன்றைச் செய்யச் சொன்னால் மூன்று விரலும் சேர்ந்து செய்தன. ஏழாவது தடவையில்தான் சுற்றையே முடித்தேன். பத்தொன்பது நிமிடம். எத்தனை உரசல் என்று முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

மணிக்கட்டு விண்விண் என்று வலித்தது. பன்னிரண்டரை நிமிடம் கடைசி வளைவு வரை உரசாமல் அண்ணன் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. பத்து வருடம் முயன்றாலும் என்னால் முடியாததை அவன் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தான். செய்துவிட்டு, தன்னால் முடியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

எட்டாவது தடவை ஓட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கன்ட்ரோலரை மறைக்கவில்லை. அம்மா மருந்துப் பையோடு உள்ளே போனாள். அண்ணன் டிவியைப் பார்த்தான். என் வண்டி முன்பக்கம் நொறுங்கி, மஞ்சள் கன்டெய்னரில் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னாச்சு? இன்னைக்குக் கை வரலியா?"

"என்னைக்கும் வரலண்ணா."

"என்ன?"

"நான் பீச்சாங்கைல ஓட்டவே இல்ல. இன்னைக்குத்தான் மொதல் தடவை. அந்தப் பதினொண்ணு நாப்பது ரெண்டு கைல ஓட்டுனது. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவன் நின்ற இடத்திலிருந்தே ஒன்றே ஒன்றைக் கேட்டான்.

"அப்ப கடைசி வளைவுல பிரேக்கைத் தொடாதேன்னு சொன்னது?"

"அதும்... சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

தன் கட்டைவிரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். என்னால் நிறுத்த முடியவில்லை. ஜூலையிலிருந்து தொண்டைக்குள் இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது.

"உன்னைய இப்புடி ஆக்குனதே நான்தானேண்ணா. அன்னைக்கு நான் ஃபோன் பண்ணி அவசரப்படுத்தலீன்னா... எப்புடியாச்சும் உன்னைய எழுப்பி உக்கார வெச்சரோணும்னுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வேற வழி தெரியல."

"அதையா இத்தனை மாசமா மனசுல வெச்சுட்டு இருக்கே?" அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "துணி அடங்கலேன்னு தெரிஞ்சும் கத்திக்கிட்டக் கொண்டு போனவன் நான். பத்து வருசமா அதே சோலி பாக்கறவன். அது என்ற தப்பு, மிஷின் தப்பு. அதுல நீ எங்க வந்தே? ஒரு நாளும் உன்னைய அதுல சேத்தி நெனைச்சதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

"ஆனா இது நீ பண்ணுனது" என்றான். "ஊட்டுக்கு வர்றவங்க அத்தனை பேரும் என்னையப் பாத்து நல்லாருக்கேன்னு பொய் சொல்லிட்டுப் போறாங்க. அம்மாவே சொல்றா. நீ ஒருத்திதான் என்கூடப் போட்டி போடறேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். நீயும் சேர்ந்து எனக்குச் சோறு ஊட்டிட்டுத்தான் இருந்திருக்கே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "என்னடி சண்டை?" என்றாள். "விளையாட்டுச் சண்டைம்மா" என்றேன். அவளுக்கும் ஒரு பொய்.

அதன் பிறகு அவன் என்னோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. டிவிப் பக்கமே வரவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் நான் வண்டியை எடுக்கும்போது அவன் படுக்கை காலியாக இருந்தது. "பஸ்ல போறேன்னு அப்பவே கெளம்பிட்டானே, உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. கம்பெனியில் பேட்டர்ன் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரணி அவன் பின்னால் நின்று திரையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். மவுஸ் இடது பக்கம் இருந்தது. துண்டைக் காணோம். வலது கை மேசைமேல் வெறுமனே இருந்தது.

ஏன் போனான் என்று எனக்குத் தெரியவில்லை. தன் பன்னிரண்டரை நிமிடத்தின் மதிப்பு தெரிந்ததாலா, என்மேல் இருந்த கோபத்தாலா, இரண்டும் இல்லாமல் வீட்டில் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றா? கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

என் ஸ்டைல்களுக்கு மார்க்கர் அவன்தான் போட்டான். வேலை விஷயமாக ஃபோனில் பேச வேண்டியிருந்தது. "சொல்லுங்க மேடம்" என்பான். இப்போது அதில் சிரிப்பு இல்லை. "நாளைக்கு அனுப்பிடறனுங்க மேடம்." வைத்துவிடுவான். தரணி ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க அண்ணன் எடது கை என்னங்க இப்புடி ஓடுது? எனக்கு வலது கையே அப்புடி ஓடாது" என்றார். நான் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு மேலே வந்து பாத்ரூமில் பத்து நிமிடம் நின்றேன். அவன் நல்லபடியாக ஆவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குக்கூட யாரோ வீட்டுக் கல்யாணத்தில் அழையாமல் போய் உட்கார்ந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவீதிக்குப் போய்விட்டு வந்தவன் பாயைப் போட்டு உட்கார்ந்தான். நான் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். ஒரே ஒரு தடவை ஓட்டினான். கடைசி வளைவில் பிரேக்கை லேசாகத் தொட்டான். வண்டி மஞ்சள் கன்டெய்னருக்கு ஒரு சாண் தள்ளி, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். எத்தனை என்று என்னிடம் சொல்லவில்லை. கன்ட்ரோலரை அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் என் ஃபோனுக்கு மெசேஜ் வந்தது. நவம்பருக்குப் பிறகு முதல் மெசேஜ்.

"பீச்சாங்கை ஓட்டம் உனக்கு இன்னும் பாக்கி. முடிச்சா சொல்லு. வீடியோ எடுத்து அனுப்பு. கையும் தெரியோணும்."

கடைசி வரியைப் பல தடவை படித்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வளர்ந்தவளிடம் சாட்சி கேட்கிறான். வலித்தது. வலிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, என் கையும் திரையும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பதினெட்டு நிமிடம் ஐந்து விநாடி. எனக்குத் தெரிந்து ஒன்பது உரசல். வெட்டாமல், முழு வீடியோவையும் அனுப்பினேன். கீழே "18.05, ஒன்பது" என்று எழுதினேன். அண்ணன் பக்கத்து அறையில்தான் இருந்தான். அவன் ஃபோன் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், பதில் வந்தது.

"ஒன்பது இல்ல, பன்னண்டு. பாலத்துல ரெண்டு, மலை எறங்கறப்ப ஒண்ணு உட்டுட்டே."

எழுந்துபோய் அவன் கதவருகில் நின்றேன். கதவு சாத்தித்தான் இருந்தது. தட்டலாமா என்று யோசித்தேன். தட்டவில்லை. திரும்பி வந்து, "பன்னண்டு" என்று திருத்தி அனுப்பிவிட்டு, பாயில் உட்கார்ந்து கன்ட்ரோலரை இடது கையில் எடுத்தேன்.